அழுத பிள்ளைக்குத்தான் பாலா?

(குடியாத்தத்தில் நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். வேலை நாளாயிருந்தும் வந்திருக்கிற வட்டாட்சியர் அவர்களே, காவல் துணைக் கண்காணிப்பாளர் அவர்களே, போன கூட்டத்துக்கு இடமும் இந்தக் கூட்டத்துக்கு நாற்காலியும் தந்த வணிகர் சங்கப் பெரியவர்களே, வழக்கறிஞர் நண்பர்களே, பின்வரிசையில் நின்றுகொண்டே கேட்கிற பீடித் தொழிலாளர் அம்மாக்களே. அம்மா, முன்னால் இடம் இருக்கிறது, வந்து உட்காருங்கள்.

குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு என்ன செய்கிறது, அது ஏன் போய்ச் சேருவதில்லை, வன்முறையை முன்கூட்டியே தடுப்பது எப்படி என்று மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன்.

முதலில் சட்டம். குற்றவாளிக்குத் தண்டனை வாங்கித் தருவதோடு அரசின் வேலை முடிந்துவிடாது, அடிபட்டவருக்கு இழப்பீடு தர ஒவ்வொரு மாநிலமும் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஏ பிரிவைச் சேர்த்தார்கள். 2009 கடைசியில் அது நடைமுறைக்கு வந்தது, தமிழ்நாட்டுத் திட்டம் 2013இல் வந்தது. 2024 ஜூலை முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதுச் சட்டத்தில் அதுவே 396ஆம் பிரிவு. வெட்டியவன் யாரென்றே தெரியாவிட்டாலும், வழக்கு கோர்ட்டுக்கே போகாவிட்டாலும், இலவச சட்ட உதவி தருகிற மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு மனு போடலாம். இரண்டு மாதத்துக்குள் அவர்கள் விசாரித்து முடிக்க வேண்டும். இது எத்தனை பேருக்குத் தெரியும்? அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். எங்கே போய் அழுவது என்றே தெரியாத பிள்ளை என்ன செய்யும்?

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, பேரணாம்பட்டுப் பக்கம். பெயர் வேண்டாம். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கண் பார்க்காமலே விரல் தானாக இலையைச் சுருட்டும், அப்படிக் கைவேகம். வேலித் தகராறில் விலக்கப் போனவருக்கு, இருட்டில் யாரோ வீசிய கத்தி வலது கையில் இறங்கிவிட்டது. காயம் ஆறியது, ஆனால் ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் சேரவில்லை. அந்த இரண்டும் சேராவிட்டால் பீடி ஏது? இலையை வெட்டிக் கொடுக்கிற வேலைதான் மிச்சம், அதற்குக் கூலியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். மகளைப் பத்தாவதோடு நிறுத்தி முறத்தின் முன்னால் உட்கார வைத்தார். என்னைப் பார்க்க வந்தபோது மஞ்சள் பையிலிருந்து எட்டாக மடித்த, போலீஸில் தந்த எஃப்ஐஆர் நகலை எடுத்துக் காட்டினார், மடிப்பில் எழுத்தே தேய்ந்து போயிருந்தது. "இதை வச்சிக்கினு இன்னா பண்றதுன்னு யாரும் சொல்லலியேப்பா" என்றார். அந்தக் காகிதமும், ஆஸ்பத்திரிக் காயச் சான்றும், வங்கிப் பாஸ்புக்கும் சேர்த்து ஒரு மனு. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. நகலைக் கையில் கொடுத்தவர் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்தப் பெண் பதினொன்றாம் வகுப்புக்குப் போயிருப்பாள்.

அதனால்தான் போகிற மேடையெல்லாம் இதையே கேட்கிறேன். எஃப்ஐஆர் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதோடு தமிழில் அச்சடித்த இழப்பீட்டு மனுப் படிவத்தையும் இணைத்துக் கொடுங்கள். முதலுதவியும் மருத்துவ வசதியும் இலவசமாகக் கிடைக்க நிலையப் பொறுப்பு அதிகாரி தருகிற சான்றே போதும் என்று முன்னே சொன்ன 396ஆம் பிரிவு சொல்கிறது, அதையும் அதில் போடுங்கள். எந்த ஆஸ்பத்திரியும், தனியார் உட்பட, ஆசிட் வீச்சு, பாலியல் வன்முறை வழக்குகளில் பணம் கேட்காமல் உடனே சிகிச்சை தர வேண்டும் என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள். துணைக் கண்காணிப்பாளர் ஐயா தலையசைக்கிறார், அவருக்கு என் நன்றி.

தடுப்பதைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், நேரமாகிவிட்டது. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, சட்ட உதவிக்கு 15100. இந்த மூன்று எண்ணையும் இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள். அடி விழுந்த பிறகு தேடாதீர்கள்.

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பது வீட்டுக்குச் சரி, அரசாங்கத்துக்குச் சரியில்லை. எஃப்ஐஆரோடு படிவத்தையும் தரச் சொல்லும் கோரிக்கை மனு வாசலில் மேஜைமேல் இருக்கிறது, கலெக்டருக்குப் போகிறது. போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள், கையெழுத்து வராதவர்கள் ரேகை வைக்கலாம், மை வைத்திருக்கிறோம். நன்றி, வணக்கம்.