கணக்கெடுப்பு முடிந்த பிறகுதான் வேடிக்கை

நேயர்களுக்கு வணக்கம். ஏரிப் பறவைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று கூப்பிட்டபோது நான் முதலில் கேட்டது, ஜனவரியைப் பற்றியா, மார்ச்சைப் பற்றியா என்றுதான். ஏனென்றால் இரண்டும் வேறு வேறு ஏரி.

ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். 1967 முதல் பல நாடுகளில் நடந்துவருகிற வேலை அது. அப்போது குளிருக்காக வலசை வந்த பறவைகள் அதிகம் இடம் மாறாமல் ஒரே நீர்நிலையில் தங்கியிருக்கும் என்பதால் எண்ணுவதற்கு வசதி. எண்ணி முடித்ததும் பலர் பைனாகுலரைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். அங்கேதான் தப்பு செய்கிறோம் என்பேன்.

கருந்தலைக் கடற்காகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் அதற்குக் கருந்தலையே கிடையாது, வெள்ளைத் தலையில் கண்ணுக்குப் பின்னால் திருஷ்டிப் பொட்டு மாதிரி ஒரு கறை, அவ்வளவுதான். பிப்ரவரி வாக்கில் தலை இறகுகள் உதிர்ந்து புதியவை முளைக்கத் தொடங்கும். ஒன்றுக்கு முழுமுகமும் மாறியிருக்கும், பக்கத்தில் நிற்பது மைக்குப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டது போலத் திட்டுத் திட்டாக இருக்கும், போன வருடம் பிறந்த இளசுகள் வாலோரத்தில் கருப்புப் பட்டையோடு எதுவும் நடக்காதது போல நிற்கும். வெயில் படும்போது உற்றுப் பாருங்கள், அது கருப்பே இல்லை, காப்பிக்கொட்டை நிறம். பெயர் வைத்தவர் தூரத்திலிருந்து பார்த்திருப்பார் போலும்!

முகம் மாறினாலும் புத்தி மாறாது. முக்குளிப்பான் பாவம், மூச்சடக்கி மூழ்கி ஒரு மீனோடு மேலே வரும். அது விழுங்குவதற்குள் தலைக்கு மேல் ஒரு கடற்காகம் வந்து நிற்கும். மீனை விட்டால் பிடுங்கிக்கொள்ளும், விடாவிட்டால் துரத்தும்.

அப்புறம் வாத்துகள். நீலச்சிறகி ஆண்கள் குளிர்காலத்தில் பெரும்பகுதியைப் பெட்டையைப் போன்ற மங்கல் உடையிலேயே கழித்துவிட்டு, கடைசியில்தான் கண்மேல் வெள்ளைப் பட்டை துலங்க வெளிவரும். ஒரு வருடம் நான், "புதிய கூட்டம் வந்திறங்கியிருக்கிறது" என்று குறிப்பேட்டில் பெருமையாக எழுதிவைத்தேன். புதிதும் இல்லை, இறங்கவும் இல்லை, எல்லாம் டிசம்பரிலிருந்து அங்கேயே இருந்தவைதான்.

ஊசிவால் வாத்துகளுக்கோ இதுதான் பெண் பார்க்கும் காலம். ஒரு பெட்டையைச் சுற்றி நாலைந்து ஆண்கள் மோவாயைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நீந்தும். அது கிளம்பிப் பறந்தால் எல்லாம் பின்னாலேயே பறக்கும். ஜோடி இங்கேயே சேர்ந்துவிடும். பிறகு பெட்டை பெரும்பாலும் தான் பிறந்த பக்கமே திரும்பிப் போகும், ஆண் கூடவே போகும். அதாவது வீட்டோடு மாப்பிள்ளை. அடுத்த வருடம் ஜோடி மாறினால் ஊரும் மாறலாம்.

இதையெல்லாம் கிளப்பிவிடுவது வெப்பத்தைவிடப் பகல்நீளம்தான். 1930களில் ழாக் பெனுவா என்ற பிரெஞ்சு விஞ்ஞானி வாத்துகளை வைத்துச் சோதித்து, கண்ணில்லாவிட்டாலும் வெளிச்சம் மண்டையோட்டைத் தாண்டி மூளையை எட்டி இனப்பெருக்க உறுப்புகளைத் தூண்டுகிறது என்று காட்டினார். கேட்கக் கொடூரமான சோதனைதான், ஆனால் விடை அதில் கிடைத்தது.

போவதாக இருந்தால் மாலையில் போங்கள். வானம் தெளிந்து காற்றும் சாதகமாக இருக்கிற நாளில், இருட்டும் நேரத்தில் வாத்துகள் கத்திக்கொண்டே எழும்பும், ஒரு சுற்று சுற்றித் திரும்ப இறங்கும், மறுபடி எழும்பும். ஏதோ ஒருமுறை இறங்காது. மறுநாள் காலை தண்ணீரில் இறகுகள் மட்டும் மிதக்கும், கரையில் அந்த வால்பட்டை இளசுகள் இரண்டு மூன்று நின்றுகொண்டிருக்கும்.