முறுக்கு என்ன ஜாதின்னு கேட்டவங்களுக்கு

வணக்கம் மக்களே. கேமரா ஆடுது, மன்னிச்சுக்கோங்க, ஒரு கையில போன், இன்னொரு கையில முறுக்கு. திங்கிற முறுக்கு இல்லங்க, எங்க வீட்டு நாய், இவன் வாலு சுத்தியிருக்கறதப் பாத்தா பேரு ஏன் வந்துச்சுன்னு உங்களுக்கே தெரிஞ்சிரும்.

இவன அஜிலிட்டி கிளாஸ்ல, அதாவது நாய் தடையெல்லாம் தாண்டி ஓடுற விளையாட்டுக்கான வகுப்புல, சேத்துட்டேன்னு சொன்னதுலேர்ந்து பாக்கறவன் எல்லாம் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், இது என்ன ஜாதி நாய்? ஷெல்டர்லேர்ந்து எடுத்தது, என்ன கலப்புன்னு டாக்டருக்கே தெரியல. இதுல நம்ம நண்பர் ஒருத்தர், ஆடு மேய்க்கிற பார்டர் கோலி ஜாதி நாய வாங்காம இத வச்சு என்னத்த ஜெயிக்கப் போறன்னு சொல்லிட்டாரு. அவருக்காகத்தான் இந்த வீடியோ.

அவரு சொல்றதுல பாதி நியாயம் இருக்கு, இல்லன்னு சொல்லல. இங்க நியூயார்க்ல வெஸ்ட்மின்ஸ்டர் நாய் ஷோ இருக்குல்ல, அதுல 2014ல அஜிலிட்டிப் போட்டி ஆரம்பிச்சாங்க, மொத வருஷம் ஜெயிச்சது கெல்சோன்னு ஒரு பார்டர் கோலி, அப்புறமும் பெரும்பாலும் அதே கதைதான். ஆனா 2024 மே மாசம், யூஎஸ் ஓபன் டென்னிஸ் நடக்குற அதே ஃப்ளஷிங் மெடோஸ்ல, நிம்பிள்னு ஒரு குட்டி நாய் வந்துச்சு பாருங்க, பார்டர் கோலியும் பாப்பில்லான்ங்கற குட்டி ஜாதியும் கலந்தது, 12 இன்ச் க்ளாஸ், அதாவது 12 இன்ச் உயரத்துல வச்ச குறுக்குக் கம்பத் தாண்டுற சின்ன நாய்ங்க கூட்டம். 28.76 செகண்ட். முடிஞ்சுது கதை. கலப்பு நாய் ஒண்ணு அந்தப் பட்டத்த அடிச்சது அதான் மொத தடவ. சரி சரி, பாதி பார்டர் கோலிதான, நண்பர் இதையே புடிச்சுக்குவாரு, தெரியும்.

நம்ம ஆளுங்க கவனிக்காதது என்னன்னா கூட ஓடுறவங்களத்தான். நிம்பிள ஓட்டுனது சிந்தியா ஹார்னர், 2023ல ட்ருவன்ட்ங்கற பார்டர் கோலிய வச்சு ஜெயிச்சதும் அவங்கதான். ரெண்டு வருஷம், ரெண்டு நாயி, ஒரே ஹேண்ட்லர், இப்ப சொல்லுங்க, ஜாதி மட்டுமா ஜெயிக்குது?

போட்டிக் களத்துக்குள்ள போனா பிடிச்சுக்கக் கயிறு கிடையாது, பிஸ்கட் கிடையாது, நாயத் தொடவும் கூடாது, கையும் குரலும் தோள் திரும்புற விதமும்தான் உங்ககிட்ட இருக்கறது. அதனால போட்டிக்கு முன்னாடி நாயே இல்லாம கோர்ஸ்ல, அதாவது தடையெல்லாம் வச்ச ஓடுபாதையில, நடந்து பாக்க விடுவாங்க, அத நீங்க பாக்கணுமே, இருபது முப்பது பேரு காத்துல கைய நீட்டிக்கிட்டு இல்லாத நாய்க்கு வழி காட்டிக்கிட்டு ஓடுவாங்க, எனக்கு மொத தடவ சாமி வந்து ஆடுற மாதிரிதான் இருந்துச்சு. இப்ப நானும் ஆடுறேன்.

இருக்கறதுலயே கஷ்டம் வீவ் போல்ஸ். வரிசையா 12 குச்சி, மொத குச்சி நாயோட இடது தோள்பட்டை பக்கம் வர்ற மாதிரி நுழையணும், அங்கேர்ந்து ஒவ்வொரு குச்சிக்கும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு மாறி மாறி வளஞ்சு வளஞ்சு. எந்த வேகத்துல வந்தாலும் நுழையறது அங்கதான். சீசாங்கற ஏத்த எறக்கப் பலகையில மேல ஏறி, அந்தப் பக்கம் பலகை தரையில டக்குன்னு படுற வரைக்கும் நிக்கணும், நுனியில மஞ்சப் பெயிண்ட் அடிச்சிருப்பாங்க, அதுல கால் வைக்காம குதிச்சா தப்பு. முறுக்குக்கு அந்த டக்கு சத்தம் கேட்டாலே ஆகாது, மூணு வாரம் பலகைக்கு அடியில பழைய பாய மடிச்சுப் போட்டுப் பழக்குனேன், இப்பதான் கொஞ்சம் பரவால்ல.

மொத ட்ரையல், அதான் போட்டி, என்னாச்சுன்னு கேப்பீங்க. நாலு ஜம்ப் சூப்பரா தாண்டுனான், டனல்ல நுழைஞ்சான், வெளிய வரல. நான் அந்தப் பக்கம் நின்னு வாடா வாடான்னு கத்துறேன், ஜட்ஜம்மா சிரிப்ப அடக்கிக்கிட்டு கைக்கடிகாரத்தப் பாக்குறாங்க, எட்டிப் பாத்தா உள்ள சொகுசா உக்காந்து கால நக்கிக்கிட்டிருக்கான். அடுத்தது ஏப்ரல்ல, டேய் அணில விடு, டேய்... மக்களே ஒரு நிமிஷம்