கோப்புகளை மறக்காதவர்கள்

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் வீற்றிருக்கும் பெரியவர்களுக்கும், அவையோருக்கும் வணக்கம்.

'ஊர்ப் பிரச்சினைகளைத் தீர்ப்பதில் பெரும்பங்கு வகிப்பது அரசியல் கட்சியா, கட்சி சாராத குடிமக்கள் அமைப்பா?' என்பது இன்றைய தலைப்பு. குடிமக்கள் அமைப்பே என்று வாதிடுவதற்காக நிற்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணிப் பேச்சாளர் எங்கள் மீது மூன்று குற்றங்களைச் சாட்டிவிட்டு அமர்ந்திருக்கிறார். அதிகாரம் கட்சியிடம்தான் இருக்கிறது, அமைப்புகளிடம் இருப்பது வெறும் மனு என்றார். கட்சி சாராமை என்பது பயத்துக்கு வைத்த நல்ல பெயர் என்றார். இத்தகைய அமைப்புகள் ஓய்வு பெற்ற, வசதியுள்ள மனிதர்களின் பொழுதுபோக்கு என்றார். மூன்றில் கடைசிக் குற்றச்சாட்டு கனமானது. அதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும் என்பதால் முதல் இரண்டையும் முடித்துவிட்டு வருகிறேன்.

ஒரு தெருவில் விளக்கு எரியவில்லை. அந்தத் தெருக்காரர் ஒருவருக்கு வட்டச் செயலாளரைத் தெரியும். அவர் கைப்பேசியில் அழைக்கிறார், வட்டச் செயலாளர் உதவிப் பொறியாளரிடம் சொல்கிறார், மறுநாள் விளக்கு எரிகிறது. இதைத்தான் எதிரணியினர் கட்சியின் வலிமை என்கிறார்கள். அந்த வேகத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த விளக்கு ஒருவர் இன்னொருவருக்குச் செய்த உபகாரமாக எரிகிறதே தவிர, வரி கட்டியவரின் உரிமையாக எரியவில்லை. வட்டச் செயலாளரை அறியாதவர்கள் குடியிருக்கும் அடுத்த தெருவில் இருட்டு அப்படியே நீடிக்கிறது. விளக்கு ஏன் அடிக்கடி பழுதாகிறது, பழுதை எத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று பராமரிப்பு ஒப்பந்தம் சொல்கிறது, தவறிய ஒப்பந்ததாரரிடம் அபராதம் பிடித்தார்களா என்ற கேள்விகளை அந்த ஒரு கைப்பேசி அழைப்பு எழவிடாமலே செய்துவிடுகிறது.

குடிமக்கள் அமைப்பின் தன்னார்வலர் செய்வது வேறு வேலை. அவர் மாலை நேரத்தில் தெருத்தெருவாக நடந்து, எரியாத கம்பங்களின் எண்களைக் குறித்துக்கொள்கிறார். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டப்படி ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டுப் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் அனுப்புகிறார். முப்பது நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கும் அசையாவிட்டால் தமிழ்நாடு தகவல் ஆணையம் என்று படியேறுகிறார். நகல் கைக்கு வந்த பிறகு, அதை வைத்துக்கொண்டு மாமன்ற உறுப்பினரையும் மண்டல அலுவலரையும் ஆணையரையும் சந்தித்து, குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கோப்பில் வைக்கிறார். இதற்கு மாலை கிடையாது, சுவரொட்டி கிடையாது, மேடையில் நாற்காலியும் கிடையாது. ஆணையர் மாற்றலாகிப் போவார், பொறியாளர் போவார், ஐந்தாண்டில் மாமன்ற உறுப்பினரே மாறிவிடுவார். அந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் மாறாமல் இருப்பது இந்த அமைப்பில்தான். எதிரணியினர் வெறும் மனு என்று ஏளனம் செய்த காகிதத்தின் பின்னால் இத்தனை உழைப்பு இருக்கிறது.

'ஊரே கூடித் தேர் இழுத்தாலும் வடம் பிடிக்க வலுவான கைகள் வேண்டும், அந்தக் கைகள் கட்சியின் கைகள்' என்று எதிரணியில் அழகாகச் சொன்னார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேர் வீதி முனையில் திரும்பும்போது வடம் பிடிப்பவர்களுக்குச் சக்கரம் தெரிவதில்லை. சக்கரத்தின் அருகே குனிந்து, சரியான நேரத்தில் கட்டையைக் கொடுத்து அதைத் திருப்புகிறவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் இல்லையென்றால் தேர் யார் வீட்டுத் திண்ணையில் ஏறும் என்று சொல்ல முடியாது.

கிராமத்தின் பக்கம் வருவோம். ஊராட்சி மன்றத் தலைவர் பதவிக்கும் வார்டு உறுப்பினர் பதவிக்கும் தமிழ்நாட்டில் கட்சிச் சின்னம் இல்லாமல்தான் தேர்தல் நடக்கிறது. ஊருக்குள் கட்சி வேண்டாம் என்று இந்த மாநிலத்தின் சட்டமே ஓர் எல்லையை வகுத்திருக்கிறது என்பதை எதிரணி கவனித்ததாகத் தெரியவில்லை. கிராம சபையோ வாக்காளர் அனைவரும் உறுப்பினராக அமரும் அவை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று அது கூடிவந்த நாட்களோடு 2022ஆம் ஆண்டு மார்ச் 22உம் நவம்பர் 1உம் சேர்ந்தன. ஐந்நூறு பேர் வரை உள்ள ஊரில் 50 பேரும், பத்தாயிரத்தைத் தாண்டிய ஊரில் 300 பேரும் வந்தால்தான் அந்தக் கூட்டம் செல்லும். அந்தப் பேர்களை வீடு வீடாகப் போய் அழைத்து வருவதும், சென்ற கூட்டத்துத் தீர்மானம் என்ன ஆயிற்று என்று கேட்க வைப்பதும், வரவு செலவு அறிக்கையை வரிவரியாகப் படித்துக்காட்டச் சொல்வதும் எந்தக் கட்சியின் வேலைத்திட்டத்திலும் முதலிடம் பெற்றதில்லை. ஊர் இளைஞர்கள் சிலர் கூடி நடத்தும் சிறு அமைப்புகள் தொடர்ந்து செய்து வருகிற வேலை அது.

நகரத்தில் கதை இன்னும் தெளிவு. கிராம சபைக்கு இணையாக நகரத்தில் பகுதி சபை அமைக்க 2010ஆம் ஆண்டே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. அதற்கான விதிகள் வந்ததோ 2022ஆம் ஆண்டில். இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் இரண்டு பெரிய கட்சிகளும் கோட்டையில் இருந்தன, ஒருவரை ஒருவர் எல்லாவற்றிலும் எதிர்த்தன, இந்த ஒன்றில் மட்டும் இருவரும் ஒரே மாதிரி மௌனம் காத்தன. விதிகளை எழுதுங்கள் என்று விடாமல் கேட்டவர்களில் சென்னையிலும் பிற நகரங்களிலும் உள்ள குடிமக்கள் அமைப்புகள் முன்னணியில் நின்றன. 2022 நவம்பர் 1 அன்று பகுதி சபைகள் முதன்முதலாகக் கூடின. அவற்றுக்கு உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள் என்ற குறை இன்றும் இருக்கிறது. அந்தக் குறையைச் சொல்லிக்கொண்டிருப்பவர்களும் இவர்கள்தான்.

இரண்டாவது குற்றச்சாட்டு, கட்சி சாராமை பயம் என்பது. நடுவர் அவர்களே, இதற்கு இரண்டு சான்றுகள் போதும். ஒன்று நம் நாட்டிலிருந்து. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகப் பேராசிரியர்கள் சிலர் 1999ஆம் ஆண்டு ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கத்தைத் தொடங்கினார்கள். தேர்தலில் நிற்பவர் தம் மீதான குற்ற வழக்குகளையும் சொத்துக் கணக்கையும் படிப்பையும் வாக்காளருக்குச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. உடனே என்ன நடந்தது? எதற்கும் ஒன்று சேராத கட்சிகள் அனைத்துக் கட்சிக் கூட்டத்தில் இதை எதிர்ப்பதற்கு ஒன்று சேர்ந்தன. தீர்ப்பை நீர்த்துப்போகச் செய்ய அவசரச் சட்டமும், பின்னர் சட்டத் திருத்தமும் வந்தன. 2003 மார்ச்சில் அந்தத் திருத்தத்தையும் நீதிமன்றம் செல்லாததாக்கியது. இன்று எதிரணியினரின் தலைவர்கள் வேட்புமனுவோடு இணைக்கிற பிரமாணப் பத்திரம் அப்படி வந்ததுதான். எல்லாக் கட்சிகளையும் ஒரே நேரத்தில் பகைத்துக்கொள்கிற துணிவு, ஏதாவது ஒரு கட்சியைச் சார்ந்தவருக்கு எங்கிருந்து வரும்?

இன்னொரு சான்று கடல் கடந்தது. அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமைப் போராட்டம் வெற்றியை நெருங்கிய 1920ஆம் ஆண்டில், பெண் வாக்காளர் கழகம் என்ற அமைப்பு சிகாகோவில் உருவாயிற்று. எந்த வேட்பாளரையும் அது ஆதரிப்பதுமில்லை, எதிர்ப்பதுமில்லை. ஆனால் கொள்கைகளில் கருத்துச் சொல்லும், சட்டமன்றங்களின் கதவைத் தட்டும். அந்தக் கருத்தையும் தலைவி ஒருவர் அறிவித்துவிட முடியாது. ஊர்தோறும் உள்ள கிளைகளில் உறுப்பினர்கள் ஒரு பிரச்சினையைப் படித்து, இரு தரப்பையும் கேட்டு, ஓர் உடன்பாட்டுக்கு வந்த பிறகே அமைப்பு வாய் திறக்கும். குடியரசுத் தலைவர் வேட்பாளர்களின் தொலைக்காட்சி விவாதங்களை 1976, 1980, 1984 ஆகிய மூன்று தேர்தல்களில் அந்தக் கழகம் நடத்தியது. 1988ஆம் ஆண்டு இரண்டு வேட்பாளர்களின் அணிகளும் கூடிப் பேசி, கேள்வி கேட்பவர் யார், அரங்கில் உட்காருபவர் யார் என்பது வரை தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு, நடத்துவது மட்டும் உங்கள் வேலை என்று வந்து நின்றன. வாக்காளரை ஏமாற்றும் வேலைக்கு நாங்கள் துணை போக மாட்டோம் என்று சொல்லி அந்தப் பெண்கள் விலகிக்கொண்டார்கள். நாடே பார்க்கும் மேடையைக் கைவிட்டுப் போனார்கள். கேள்வியையும் கைத்தட்டலையும் இரு அணிகளும் முன்கூட்டியே பேசி முடித்துவிட்ட பட்டிமன்றத்துக்கு நம் நடுவரை அழைத்தால் அவர் வருவாரா என்பதை அவர் முகமே சொல்கிறது.

இனி அந்தக் கனமான குற்றச்சாட்டு. குடிமக்கள் அமைப்புகள் வசதியுள்ளவர்களின் மன்றம், நடைபாதைக் கடைக்காரரையும் கால்வாய்க்கரைக் குடிசைவாசியையும் அகற்றச் சொல்லி மனு கொடுப்பவர்களும் இவர்கள்தானே என்று எதிரணியில் கேட்டார்கள். அப்படிப்பட்ட குடியிருப்போர் சங்கங்கள் உண்டு. அவற்றுக்காக வாதாட நான் வரவில்லை. தன் தெருவுக்கு வாகன நிறுத்துமிடம் கேட்பதற்காக இன்னொருவரின் பிழைப்பைப் பறிக்கச் சொல்வது, கட்சிக் கொடி கட்டாமல் செய்தாலும் சுயநலம்தான். ஆனால் சில சங்கங்களின் குற்றத்தை வைத்து இந்த வழியே மேட்டுக்குடியினரின் வழி என்று முடிவு கட்டினால், இந்தியாவில் இந்த வழியில் கிடைத்த மிகப் பெரிய வெற்றியை மறைக்க வேண்டியிருக்கும்.

அந்த வெற்றி ராஜஸ்தானின் வறண்ட கிராமங்களில் தொடங்கியது. மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற உழைப்பாளர், விவசாயிகள் அமைப்பு 1990 மே முதல் நாள் உருவானது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்தவரும், ஆட்சிப் பணியை உதறிவிட்டுப் போனவருமான அருணா ராய். பஞ்ச நிவாரண வேலையில் மண் சுமந்த பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. கேட்டால், நீங்கள் வேலையே செய்யவில்லை என்று பதிவேடு சொல்கிறது என்றார்கள். அப்படியானால் பதிவேட்டைக் காட்டுங்கள் என்று அந்தப் பெண்கள் கேட்டதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். 1994 டிசம்பர் முதல் ஊர்தோறும் பொது விசாரணைகள் நடந்தன. பதிவேட்டைச் சத்தமாகப் படிக்கப் படிக்க, இறந்தவர் பெயரில் கூலி போனதும், கட்டாத கட்டடத்துக்குப் பட்டியல் போட்டதும் ஊரார் முன்னிலையில் வெளிவந்தன. 1996ஆம் ஆண்டு பியாவர் நகரத்தில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். 'நம் பணம், நம் கணக்கு' என்பதுதான் முழக்கம். அந்த நகரத்து வணிகர்கள் காய்கறியும் தண்ணீரும் கொடுத்தார்கள். பல கட்சிகளை ஆதரித்தவர்கள் அந்தப் பந்தலில் ஒன்றாக உட்கார முடிந்ததற்குக் காரணம், பந்தலில் ஒரு கட்சியின் கொடியும் இல்லாததுதான். தமிழ்நாடு 1997ஆம் ஆண்டிலேயே, மாநிலங்களில் முதலாவதாக, தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. விதிவிலக்குகள் நிறைந்து அது பெரிதாகப் பயன்படாமல் போயிற்று. கூலிக்காரப் பெண்கள் கேட்டுத் தொடங்கிய போராட்டம் நாடு முழுதும் பரவி, 2005ஆம் ஆண்டு மத்தியச் சட்டமாக வந்தது. அதை நிறைவேற்றியது கட்சிகள் நிறைந்த நாடாளுமன்றம்தான், மறுக்கவில்லை. நிறைவேற்றியே ஆக வேண்டும் என்ற நிலைக்கு அந்த நாடாளுமன்றத்தைக் கொண்டுவந்தவர்கள் யார் என்பதல்லவா இன்றைய தலைப்பு?

நடுவர் அவர்கள் மணியை எடுத்துவிட்டார். ஒரே ஒரு கேள்வியை வைத்துவிட்டு அமர்கிறேன். 2016 அக்டோபரில் சென்னை மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. ஐந்தாண்டுக்கும் மேலாக இருநூறு வட்டங்களில் ஒரு மாமன்ற உறுப்பினர்கூட இல்லை. 2019ஆம் ஆண்டுத் தண்ணீர்ப் பஞ்சமும், கொரோனாவும், 2021 நவம்பர் வெள்ளமும் அந்த இடைவெளியில்தான் வந்தன. தண்ணீர் லாரி எந்தத் தெருவுக்கு வரவில்லை என்று பட்டியல் எடுத்ததும், ஊரடங்கில் முதியோர் வீடுகளுக்கு மருந்து வாங்கிப் போனதும், எந்தக் கால்வாய் தூர்வாரப்படவில்லை என்று படம் பிடித்து அனுப்பியதும் தெருவிலிருந்த தன்னார்வலர்கள். கட்சித் தொண்டர்களும் அரிசி கொடுத்தார்கள். அதில் தலைவர் படம் இருந்ததும் நமக்குத் தெரியும். கட்சியே ஊரின் கை என்றால், மன்றத்தில் கட்சிக்கு ஒரு நாற்காலியும் இல்லாத அந்த ஐந்தாண்டுகளில், வாக்கு கேட்டு யாரும் வராத தெருவில் குடியிருந்தவர் தம் மனுவை யாரிடம் கொடுத்திருக்க வேண்டும் என்பதை, எனக்கு அடுத்துப் பேச வருகிற எதிரணிச் சகோதரி இந்த அவைக்குச் சொல்லட்டும்.