சர்வீஸ் விட்டதுக்கு அப்புறம்தான் இப்படி

நேயர்களுக்கு வணக்கம்.

கரூர் பக்கம் சின்னதாக ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்து 26 வருடமாகத் தொழில் செய்கிறேன். இத்தனை வருடத்தில் நான் அதிகமாகக் கேட்ட பேச்சு இதுதான்: "வண்டி நல்லாத்தாண்ணே இருந்துச்சு. சர்வீஸ் விட்டதுக்கு அப்புறம்தான் இப்படி." ஆரம்பத்தில் இதைக் கேட்டால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். காலையிலிருந்து குனிந்து பார்த்த வேலையைக் குறை சொல்கிறாரே என்று தோன்றும். அந்த எண்ணத்தை மாற்றியவர் ஒரு பால்காரர்.

பின் சக்கரத்தைக் கழற்றி பிரேக் ஷூ மாற்றிக் கொடுத்திருந்தோம். நூறு சிசி வண்டி. இரண்டு பக்கமும் பால் கேன் தொங்கும். மறுநாள் காலை சைக்கிளில் வந்து நின்றார். "தம்பி, பின் பிரேக்கை மிதிச்சா அடியில 'டக்'குனு ஒரு அடி அடிக்குது. எனக்கு ஓட்ட மனசு வரல. வீட்டுலயே நிறுத்திட்டேன்" என்றார். புது ஷூ, கொஞ்சம் ஓடினால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்ப நாக்கு வரை வந்தது. என்னவோ, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கூடவே போனேன்.

டிரம் பிரேக் உள்ள வண்டிகளில் பிரேக் ஷூ உட்கார்ந்திருக்கும் தட்டையும், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையும் இணைத்து ஒரு பட்டைக் கம்பி இருக்கும். பிரேக் பிடிக்கும்போது அந்தத் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றப் பார்க்கும். சுற்ற விடாமல் பிடித்துக்கொள்வது அந்தக் கம்பிதான். அதன் நட்டு கழன்று விழாமல் இருக்க, போல்ட்டின் ஓட்டையில் ஒரு ஸ்பிளிட் பின் கோத்து முனையை இரண்டாக விரித்துவிடுவோம். பால்காரர் வண்டியில் அந்த ஸ்பிளிட் பின் இல்லை. நட்டு கடைசி இரண்டு மரையில் நின்றுகொண்டிருந்தது. கையாலேயே சுற்ற முடிந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் நட்டு விழுந்திருக்கும், கம்பி கழன்றிருக்கும், பிரேக் மிதித்த நேரத்தில் தட்டு சுற்றி பிரேக்கே இல்லாமல் போயிருக்கும், அல்லது சக்கரம் அப்படியே பூட்டியிருக்கும். இரண்டு கேன் பாரத்தோடு, அதிகாலை இருட்டில்.

பின் மாட்ட மறந்தது என் கடைப் பையன். பார்க்காமல் வண்டியைக் கொடுத்தது நான். அன்று முதல் அந்தப் பேச்சை நான் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. வண்டி நேற்று வரை நன்றாக இருந்து இன்று கெட்டிருக்கிறது என்றால், நடுவில் யார் கை எங்கே பட்டதோ அங்கேதான் முதலில் தேட வேண்டும். பில்லை எடுத்து வைத்துக்கொண்டு எதையெல்லாம் கழற்றினார்கள் என்று பாருங்கள். பத்துக்கு எட்டுத் தொல்லைகள் அந்த வரிசையிலேயே கிடைத்துவிடும் என்பது என் அனுபவம்.

அடிக்கடி வருவது செயின். சர்வீஸ் என்றால் செயினை டைட் வைக்க வேண்டும் என்று வாடிக்கையாளரும் எதிர்பார்க்கிறார், பையன்களும் இழுத்து வைத்துவிடுகிறார்கள். வண்டி பைபாஸில் ஏறியதும் 'ஙொய்ங்' என்று ஒரு இரைச்சல். செயின் கவரில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். என்ஜினை அணைத்துவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, அந்த மூடியைக் கழற்றி, கீழ்ச் செயினை நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பெரும்பாலான சாதாரண வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை, அதாவது ஏறக்குறைய ஓர் அங்குலம் ஆட்டம் வேண்டும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு கையேட்டில் இருக்கும். ஒரு இடத்தில் மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி நாலு இடத்திலாவது பார்க்க வேண்டும். ஓடித் தேய்ந்த செயின் ஒரு பக்கம் லூஸாகவும் ஒரு பக்கம் டைட்டாகவும் இருக்கும். வண்டி சும்மா நிற்கும்போதே விறைப்பாக இருக்கிற செயின், இரண்டு பேர் உட்கார்ந்து ஷாக் அமுங்கினால் இன்னும் விறைக்கும். அந்த இழுவை முழுவதும் கியர்பாக்ஸ் பேரிங்கில் போய் விழும். ஐந்து நிமிடத்தில் முடிகிற செயின் வேலை என்ஜினைப் பிரிக்கிற வேலையாக வளர்வது இப்படித்தான்.

செயினை இழுத்ததால் பின் சக்கரமும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கலாம். ஸ்விங் ஆர்மின் இரண்டு முனையிலும் கோடுகள் போட்டிருப்பார்கள். அச்சு இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடுத்தது, ஆக்சிலேட்டரை முறுக்கினால் என்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி நகர மறுக்கிறது. கிளட்ச் பிளேட் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். சர்வீஸில் கேபிளை இழுத்து வைத்திருப்பார்கள். கிளட்ச் லிவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா ஆட வேண்டும். அந்த ஆட்டம் இல்லாவிட்டால், நீங்கள் பிடிக்காமலேயே கிளட்ச் பாதி பிடித்த நிலையில் இருக்கும். கேபிள் சரியாக இருந்தால் என்ன ஆயில் ஊற்றினார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் என்ஜின் ஆயிலிலேயே முழுகிக் கிடக்கிறது. அதற்கென்று ஜாசோ எம்ஏ, எம்ஏ2 என்று தரம் குறித்த ஆயில் வருகிறது. வழுக்கலுக்கென்று மருந்து சேர்த்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கத்தான் செய்யும். ஆயில் அளவு அதிகமானாலும் தொல்லைதான். வண்டி பாரமாக இழுக்கும், ஆயில் மூச்சுக் குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்குப் போய்ச் சேரும்.

மைலேஜ் திடீரென்று குறைந்தால் பிரேக் உரசுகிறதா என்று பாருங்கள். சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டால் இரண்டு மூன்று சுற்றாவது தாராளமாகச் சுற்ற வேண்டும். வாட்டர் வாஷ் செய்த அன்றைக்கு மட்டும் என்ஜின் திக்கினால் பிளக் கேப்பில் தண்ணீர் இறங்கியிருக்கும். துடைத்து உலர்த்தினால் போதும்.

டிஸ்க் பிரேக்குக்குப் புது பேட் போட்டிருந்தால் ஒன்றை மறக்காதீர்கள். கடையை விட்டு வெளியே எடுக்கும் முன் லிவரை நாலைந்து தடவை அமுக்கி, கெட்டியாக நிற்கிறதா என்று பாருங்கள். பேட் மாட்டும்போது, பேடை அமுக்குகிற பிரேக் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பார்கள். முதல் அமுக்கு வெறும் காற்றில் போவது போலப் போய்விடும். அதை ரோட்டில் பஸ்ஸுக்குப் பின்னால் தெரிந்துகொள்ள வேண்டாம்.

2020 ஏப்ரல் முதல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வண்டிகள் வந்த பிறகு, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற கார்புரேட்டர் அநேகமாகப் போய்விட்டது. ஐடிலிங்கைத் திருப்புளியால் திருகிச் சரிசெய்த காலம் முடிந்தது. மீட்டரில் மஞ்சள் என்ஜின் விளக்கு அணையாமல் எரிந்தால், ஸ்கேனர் வைத்திருக்கிற இடத்தில்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன், சர்வீஸின்போது பேட்டரி டெர்மினலையோ சென்சார் ஒயரையோ கழற்றி மாட்டினார்களா என்று கேளுங்கள். பாதி சொருகிய ஒரு கனெக்டர் போதும், அந்த விளக்கு எரிய.

சரி, தொல்லை வந்துவிட்டது. என்ன செய்வது? வேறு கடைக்கு ஓடாதீர்கள். இரண்டாவது ஆள் கை வைத்துவிட்டால், யார் செய்த தப்பு என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. வேலை செய்த கடைக்கே, முடிந்தால் அன்றைக்கே போங்கள். பிரேக், சக்கரம், ஹேண்டில்பார் சம்பந்தப்பட்டது என்றால் வண்டியை ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், வரட்டும். "வண்டி சரியில்லை" என்று மொட்டையாகச் சொன்னால் எங்களுக்கும் ஒன்றும் புரியாது. எந்த வேகத்தில், எந்த கியரில், என்ஜின் சூடான பிறகா, பிரேக் பிடிக்கும்போதா என்று சொல்லுங்கள். பால்காரர் சொன்னது எவ்வளவு துல்லியம் பாருங்கள்: பின் பிரேக், மிதிக்கும்போது, அடியில், டக். எங்கே தேட வேண்டும் என்று அவரே காட்டிவிட்டார். மெக்கானிக்கை வண்டியில் உட்கார வைத்து ஒரு ரவுண்டு போய் வந்தால் இன்னும் நல்லது.

பில், என்ன வேலை என்று எழுதித் தருகிற ஜாப் கார்டு, விடும்போதும் எடுக்கும்போதும் கிலோமீட்டர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ, இவற்றை வைத்துக்கொள்ளுங்கள். என்னைப் போன்ற சின்னக் கடையில் ஜாப் கார்டு இருக்காது. ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதிக் கேளுங்கள், மாற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டான்.

திரும்பத் திரும்பப் போயும் கடைக்காரர் காது கொடுக்கவில்லை என்றால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இது சேவைக் குறைபாடு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. மெக்கானிக்காக இருந்துகொண்டு இதைச் சொல்கிறேனே என்று என் தொழில்காரர்கள் நினைக்கலாம். எங்களை நம்பித்தான் ஒருவர் குழந்தையை முன்னால் உட்கார வைத்து வண்டியை எடுக்கிறார். அதனால் சொல்கிறேன்.

இப்போது என் கடையில் பின் சக்கரம் கழற்றிய வண்டி எதுவானாலும், புது ஸ்பிளிட் பின்னை எண்ணி எடுத்து வண்டியில் உட்காருகிற சீட்டின் மேல் வைத்த பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவோம். வேலை முடியும்போது சீட்டின் மேல் பின் மிச்சம் இருந்தால் வண்டி வெளியே போகாது. அந்தப் பால்காரர் இப்போது வண்டி ஓட்டுவதில்லை, மகன் ஓட்டுகிறார். சர்வீஸ் முடிந்து வண்டியை எடுக்க வரும்போது, குனிந்து அந்தப் பின்னை விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கேனை மாட்டுவார். நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

நன்றி, வணக்கம்.