48-ன்னு ஒரு நம்பர், மூணு ராத்திரி போச்சு! | கோபால் இன்டெக்ஸ்டு ஃபைல்

வணக்கம் மக்களே! மைக் ஆன்ல இருக்கா... இருக்கு. போன தடவை பாதி வீடியோ ஊமைப்படமா போனதுக்கு இன்னும் கமெண்ட்ல ஓட்டிட்டு இருக்கீங்க.

இன்னைக்கு நான் செம கடுப்புல இருக்கேன். கூடவே கொஞ்சம் சந்தோஷமும் இருக்கு, அது கடைசில. புதுசா வந்தவங்களுக்கு ஒரு வார்த்தை: கோபால்னா ஆள் பேர் இல்ல, 1959-ல பேச்சு ஆரம்பிச்சு 60-ல வெளிவந்த, பிசினஸ் வேலைக்கான கம்ப்யூட்டர் புரோகிராமிங் லாங்குவேஜ். தமிழ்ல எழுதினா பக்கத்து சீட்டுக்காரர் பேர் மாதிரி இருக்கும், அதுக்கு நான் பொறுப்பில்ல.

பழைய ஆளுங்களுக்குத் தெரியும், என் புத்தக லிஸ்ட் மொத்தத்தையும் ஒரு இன்டெக்ஸ்டு ஃபைல்ல ஏத்திட்டு இருக்கேன். அதாவது ஒரு புத்தகத்துக்கு ஒரு ரெக்கார்டு, ஒவ்வொன்னுக்கும் கீன்னு ஒரு அடையாளம், அத வச்சு நேரா தேடி எடுக்கலாம். எக்செல் இருக்கேன்னு யாராவது கேட்டா நான் பதில் சொல்ல மாட்டேன், அதுவும் தெரியும். போன வீடியோல டெஸ்டுக்கு 40 ரெக்கார்டு ஏத்திக் காட்டினேன்ல? மீதி 1,260 ரெக்கார்டு ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல ரெடியா இருந்துச்சு. ஒவ்வொரு வரியா படிக்கணும், இன்டெக்ஸ்டு ஃபைல்ல ரைட் பண்ணணும். அவ்ளோதான் வேலை. அரை மணி நேரம்னு நினைச்சேன்.

ரன் பண்ணினேன். ஸ்க்ரீன்ல வருது: "1260 ரெக்கார்டு எழுதப்பட்டது". ஒரு எர்ரர் இல்ல. நான் பாட்டுக்கு லேப்டாப்ப மூடிட்டு தூங்கப் போயிட்டேன். அடுத்த நாள் ஃபைல திறந்து எண்ணிப் பாக்குறேன், 40. அதே பழைய 40! ஒன்னு கூட ஏறல. புரோகிராம் என் மூஞ்சிக்கு நேரா பொய் சொல்லிருக்கு.

முதல் ராத்திரி பூரா நான் டிஸ்க்க சந்தேகப்பட்டேன். பெர்மிஷனா, வேற ஃபோல்டர்ல ஏதாவது எழுதிடுச்சான்னு தேடினேன். நான் வச்சிருக்க கம்பைலர் க்னூ கோபால், இன்டெக்ஸ்டு ஃபைல பாத்துக்கிற வி-பி-ஐசாம்ங்கிற லைப்ரரி சேர்த்து பில்ட் பண்ணது, அதுல ஒரு இன்டெக்ஸ்டு ஃபைல்னா டிஸ்க்ல ரெண்டு ஃபைல் உக்காரும், டேட்டாவுக்கு ஒன்னு, இன்டெக்ஸுக்கு ஒன்னு. ரெண்டோட சைஸும் அப்படியே கல்லு மாதிரி இருக்கு, ஒரு பைட் ஏறல.

ரெண்டாவது ராத்திரி கீய சந்தேகப்பட்டேன். ஆனா கீல பிரச்சினை வந்தா சொல்ற இன்வேலிட் கீ போட்டிருக்கேனே! கோடு இங்க காட்டுறேன் பாருங்க... ரைட் புக்-ரெக், இன்வேலிட் கீ டிஸ்ப்ளே "டூப்ளிகேட்", எண்ட்-ரைட். அதுக்குக் கீழ ஆட் ஒன் டு கவுண்ட். டூப்ளிகேட் மெசேஜ் ஒரு தடவை கூட வரல. அப்ப எல்லாம் நல்லாதானே போயிருக்கணும்?

அய்யோ, ஒன்னு சொல்லாம விட்டுட்டேன். ஃபைல அறிமுகப்படுத்துற செலக்ட்ல ஃபைல் ஸ்டேட்டஸ் ஈஸ் அப்படின்னு ஒரு ரெண்டு எழுத்து வேரியபிள் கொடுத்திருந்தேன், ஃபைல்ல ஒவ்வொரு வேலையும் எப்படிப் போச்சுன்னு அதுல ஒரு நம்பர் வந்து உக்காரும். கொடுத்தது கொடுத்தேன், அத ஒரு இடத்துல கூட எட்டிப் பாக்கல. இதுதான் விஷயமே. ஃபைல் ஸ்டேட்டஸ் கொடுத்துட்டா என் கம்பைலர் என்ன நினைக்குதுன்னா, "சரி, இவரே பாத்துக்குவாரு போல"ன்னு தப்பு நடந்தாலும் வாயத் திறக்காம அடுத்த வரிக்குப் போயிடும். அந்த வரிய எழுதாமலே விட்டிருந்தா முதல் ரைட்லயே கத்திட்டு நின்னிருக்கும். பாதி ஒழுங்கா இருந்ததுக்கு தண்டனை!

மூணாவது ராத்திரி ஒரு டிஸ்ப்ளே போட்டேன். ஸ்டேட்டஸ் 48. கீழ வரைக்கும் 48, 48, 48. ஸ்க்ரீன் பூரா 48.

48-ன்னா, நீ ஃபைல தொறந்த விதத்துல ரைட் பண்ண அனுமதி இல்லன்னு அர்த்தம். நான் ஓபன் ஐ-ஓ, அதாவது இன்புட்-அவுட்புட் தான் போட்டிருக்கேன், ஓ-ன்னா அவுட்புட் தானய்யா? இல்லையாம். ஆக்சஸ் மோட் சீக்வென்ஷியல்னு, அதாவது வரிசையா மட்டும் போற மாதிரி இருந்தா ஐ-ஓல ரீட் பண்ணலாம், ரீரைட் பண்ணலாம், டெலீட் பண்ணலாம், புதுசா ரைட் மட்டும் பண்ணக்கூடாது. புது ரெக்கார்டு வேணும்னா அவுட்புட்லயோ எக்ஸ்டெண்ட்லயோ திறக்கணும். இல்ல ஆக்சஸ் மோட, கீய வச்சு நேரா போற ரேண்டம் இல்லன்னா ரெண்டு விதமும் போற டைனமிக்னு மாத்திட்டு ஐ-ஓவ வச்சுக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. சீக்வென்ஷியல்ங்கிற இடத்துல டைனமிக். மூணு ராத்திரி!

சரி, அப்ப அந்த இன்வேலிட் கீ என்ன பண்ணிட்டு இருந்துச்சு? அது ஸ்டேட்டஸோட முதல் எழுத்து 2-ன்னு வந்தா மட்டும்தான் எழுந்திரிக்கும். 21, 22, 23, 24. 48-க்கு முதல் எழுத்து 4, அது அய்யாவோட டிபார்ட்மெண்ட் இல்ல. இன்டெக்ஸ்டு ஃபைல் கோபாலோட 1974 ஸ்டாண்டர்ட்ல வந்துச்சு, ஆனா 4-ல ஆரம்பிக்கிற ஸ்டேட்டஸ் எல்லாம் 85-ல சேர்த்தது. எண்ட்-ரைட், நாட் இன்வேலிட் கீ ரெண்டும் அதே 85 தான். நல்லபடியா எழுதினா மட்டும் ஓடுற அந்த நாட் இன்வேலிட் கீக்குள்ள என் கவுண்ட வச்சிருந்தா பூஜ்யம்னு காட்டிருக்கும், நானும் அன்னைக்கே முழிச்சிருப்பேன். வெளிய வச்சது என் தப்பு, ஒத்துக்கிறேன். ஆனா எண்ட்-ரைட் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அது இல்லாத காலத்துல கட்டளை எங்க முடியுதுன்னு சொல்ல ஒரு முற்றுப்புள்ளிய நம்பி பொழப்ப ஓட்டிருக்காங்க, நினைச்சாலே வயித்தக் கலக்குது. முற்றுப்புள்ளி மேல எனக்கு இருக்க கோவம் உங்களுக்குத் தெரியும், திரும்ப ஆரம்பிக்கல.

அப்புறம் சூடு பட்ட பூனைன்னு சொல்லுவாங்கல்ல, அது மாதிரி ஆயிட்டேன். ஒவ்வொரு ரைட்டுக்கும் கீழ "ஸ்டேட்டஸ் 00 இல்லன்னா ஸ்டாப் ரன்"னு எழுதிட்டேன். ரன் பண்றேன், மூணாவது ரெக்கார்டுல நின்னுடுச்சு. என்னன்னு பாத்தா 02.

இந்த 02 இருக்கே, இது எர்ரரே இல்ல! எழுத்தாளர் பேர நான் ஆல்டர்னேட் ரெக்கார்டு கீயா, அதாவது ரெண்டாவது கீயா, ஒரே பேர் திரும்ப வரலாம்னு வித் டூப்ளிகேட்ஸ் கொடுத்து வச்சிருக்கேன். ஒரே எழுத்தாளரோட ரெண்டாவது புத்தகம் வந்தா, "எழுதிட்டேன்பா, இந்தப் பேர்ல ஏற்கனவே ஒன்னு இருக்கு, சும்மா தகவலுக்கு சொல்றேன்"னு 02 கொடுக்குது. எழுதியாச்சு, வேலை முடிஞ்சிடுச்சு. நான்தான் நல்ல சேதி சொல்ல வந்தவனோட கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளியிருக்கேன். அதனால ரெண்டு எழுத்தையும் பாக்காதீங்க, முதல் எழுத்து 0-வான்னு மட்டும் பாருங்க. வித் டூப்ளிகேட்ஸ் போடலன்னா கதை வேற, அப்ப அதே புத்தகத்துக்கு 22 வரும்.

22-ன்னதும் ஞாபகம் வருது. அத திருத்தி ஓட்டினா 17 ரெக்கார்டுக்கு 22. டூப்ளிகேட் கீ. என் கிட்ட டூப்ளிகேட்டா? ஒவ்வொரு புத்தகத்துக்கும் நானே கையால நம்பர் போட்டேன்! என் புத்தகக் கோடு ஆறு எழுத்து, போன வீடியோல பாத்தீங்க. ஆனா அஞ்சு பாகம், மூணு பாகம்னு வர்ற நாவலுக்கெல்லாம் பின்னாடி கோடு-1, கோடு-2ன்னு சேர்த்து எட்டு எழுத்து ஆக்கியிருந்தேன். கீ பிக் எக்ஸ் ஆறு, அதாவது ஆறு எழுத்துக்கு மட்டும்தான் இடம். மூவ் பண்ணும்போது எழுத்து ஃபீல்டுனா வலது பக்கம் கத்திரி விழும், சத்தமே வராது. அஞ்சு பாகத்துல முதல் பாகம் உள்ள போச்சு, மீதி நாலுக்கும் அதே கீ. நம்பர் ஃபீல்டா இருந்தா இடது பக்கம் வெட்டும், அது இதவிட கொடுமை.

சரின்னு கீய எக்ஸ் எட்டுன்னு மாத்தினேன். ஓபனே ஆகல! 39. டிஸ்க்ல இருக்க ஃபைலோட கீ நீளமும் ரெக்கார்டு நீளமும் ஒன்னு சொல்லுது, என் புரோகிராம் இன்னொன்னு சொல்லுது. மெயின்ஃப்ரேம்ங்கிற பெரிய கம்ப்யூட்டர்ல கே-எஸ்-டி-எஸ்னு இதே மாதிரி இன்டெக்ஸ்டு ஃபைல் பாக்குறவங்களுக்கு இந்த 39 சொந்தக்காரன் மாதிரி. அங்க ஃபைல உருவாக்குற டிஃபைன் கிளஸ்டர்ல கீஸ்னு நீளமும், கீ ஆரம்பிக்கிற இடமான ஆஃப்செட்டும் கொடுக்கணும், அந்த ஆஃப்செட் பூஜ்யத்துல இருந்து எண்ணணும். ஒன்னுல இருந்து எண்ணினீங்க, செத்தீங்க.

ஆக புது ஃபைல் தான் வழி. இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. ஓபன் அவுட்புட் போட்டா என் கம்பைலர்ல பழைய ஃபைல்ல இருந்தது எல்லாம் போயிடும், கேள்வி கேக்காது. அதனால வேற பேர்ல புது ஃபைல், பழைய 40-ஐயும் புது 1,260-ஐயும் ஒரே டெக்ஸ்ட் ஃபைலா சேர்த்து அதுல இருந்து லோட். இந்த லோடுக்கு மட்டும் சீக்வென்ஷியல், ஓபன் அவுட்புட். ஆமா, இவ்ளோ நேரம் திட்டின அதே சீக்வென்ஷியல் தான். கீ ஏறுவரிசைல வரும்போது இன்டெக்ஸ வரிசையா கட்டிட்டே போகலாம், நடுவுல போய் இடம் தேட வேண்டியதில்ல.

வந்துச்சு 21. வரிசை தப்பு. நான் ஸ்ப்ரெட்ஷீட்ல ஏ டு இசட் சார்ட் பண்ணி எடுத்தது தானே? ஆமா சொல்லாம விட்டேன், சில கோடெல்லாம் சின்ன எழுத்துல டைப் பண்ணியிருந்தேன், சோம்பேறித்தனம். ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு பெரிய என்-னும் சின்ன என்-னும் ஒன்னு. ஆனா என் பிசி எழுத்துகள வரிசைப்படுத்துற ஆஸ்கில முதல்ல எண், அப்புறம் பெரிய எழுத்து, அதுக்கப்புறம்தான் சின்ன எழுத்து. மெயின்ஃப்ரேமோட எழுத்து முறையான எப்சிடிக்ல அப்படியே தலைகீழ்: சின்ன எழுத்து, பெரிய எழுத்து, கடைசில எண். பிசில சார்ட் பண்ணத அங்க கொண்டுபோய் லோட் பண்ணினா ஏன் 21 வருதுன்னு போன மாசம் ஒருத்தர் கேட்டிருந்தீங்கல்ல, இதுவா இருக்கலாம், முதல்ல இத பாருங்க. நான் அப்பர்-கேஸ் ஃபங்ஷன் போட்டு எல்லாத்தையும் பெருசாக்கி, கோபால்லயே சார்ட் பண்ணிட்டேன். ஸ்ப்ரெட்ஷீட்ட இனிமே நம்ப மாட்டேன்.

இன்னொரு விஷயம், சின்னதுதான். ரீட் பண்ணும்போது ஃபைல் பேர் சொல்லணும், ரைட் பண்ணும்போது ரெக்கார்டு பேர் சொல்லணும். இத இன்னும் நான் வாரத்துக்கு ஒரு தடவை மாத்தி எழுதுறேன். ரைட் முடிஞ்சதும் அந்த ரெக்கார்டு ஏரியாவுல பழைய டேட்டா இருக்கும்னும் நம்பாதீங்க, இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ரைட் புக்-ரெக் ஃப்ரம் டபிள்யூ-எஸ்-புக்னு எழுதினா புரோகிராமோட தனி இடமான ஒர்க்கிங் ஸ்டோரேஜ்ல ஒரு காப்பி பத்திரமா இருக்கும், எர்ரர் வந்தா அதையே டிஸ்ப்ளே பண்ணிக்கலாம். ஃப்ரம் எனக்கு அவ்ளோ பிடிக்கும்.

சரி, இப்ப உங்க முன்னாடியே ரன் பண்றேன். கவுண்ட் நாட் இன்வேலிட் கீக்குள்ள வச்சாச்சு, ஸ்டேட்டஸ் செக் வச்சாச்சு. ஓடுது... முடிஞ்சுது. 1300! இருங்க இருங்க, இந்த தடவை அத நம்ப மாட்டேன். தனியா ஒரு புரோகிராம் எழுதி வச்சிருக்கேன், ஃபைல திறந்து ஒவ்வொன்னா ரீட் பண்ணி எண்ணும். ஸ்டேட்டஸ் 10 வந்துச்சு, ஃபைல் முடிஞ்சுது, எண்ணிக்கை... 1300. ஹாஹா! அஞ்சு பாகமும் இருக்கா? ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. இருக்கு!

அடுத்த வீடியோல ரீரைட்டும் டெலீட்டும். ஏன்னா இப்ப கண்ணுல பட்டுச்சு, அந்த நாலாம் பாகத்துல எழுத்தாளர் பேர்ல ஒரு எழுத்த விட்டிருக்கேன். பேக்கப் எடுத்துட்டுதான் கை வைப்பேன். பை!