பிரைமர் குழி தளரும்போது

வணக்கம் நேயர்களே. துப்பாக்கியைப் பற்றிப் பேச ஓர் ஆளைக் கூப்பிட்டால் வேட்டைக் கதை வரும் என்று நினைத்திருப்பீர்கள். என்னிடம் அது கிடையாது. நான் காகிதத்தில் ஓட்டை போடுகிற ஆள். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கிறேன். சனிக்கிழமை காலையில் கிளப் மைதானத்துக்குப் போய், 300 கெஜம் தள்ளி நிறுத்திய இலக்கை மெதுவாக, ஒவ்வொன்றாகச் சுடுவதுதான் என் பொழுதுபோக்கு. சுடும் தோட்டாக்களையும் நானே வீட்டு கராஜில் தயார் செய்துகொள்கிறேன். இதற்கு இங்கே ரீலோடிங் என்று பெயர். சொந்த உபயோகத்துக்கு என்றால் மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்கு என்றால் வேண்டும். இந்தியாவில் இருந்து கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே அங்கே இருப்பவர்கள் இதைக் காதால் மட்டும் கேளுங்கள்.

ஒரு ரைபிள் தோட்டாவில் இருப்பது நாலே பொருள். பித்தளைக் கூடு, அதற்குள் வெடிமருந்து, வாயில் குண்டு, அடியில் பிரைமர். பிரைமர் என்பது ஒரு குட்டிக் கிண்ணம். ஊசி தட்டியதும் அதில் பொறி கிளம்பி, நடுவில் உள்ள துளை வழியாக உள்ளே போய் மருந்தைப் பற்றவைக்கும். சுட்ட பிறகு மருந்து எரிந்துபோகும், குண்டு பறந்துபோகும், பிரைமர் செத்துப்போகும். மிஞ்சுவது பித்தளைக் கூடு ஒன்றுதான். விலை அதிகமானதும் அதுதான். நல்ல கூடு ஒன்று ஒரு டாலருக்கு மேல். அதனால்தான் அதைப் பொறுக்கி எடுத்து, கழுவி, அளவுக்குக் கொண்டுவந்து, திரும்பத் திரும்ப நிரப்புகிறோம்.

எத்தனை தடவை? அதை முடிவு செய்வது பெரும்பாலும் அந்தப் பிரைமர் உட்காரும் குழிதான்.

பெரிய ரைபிள் பிரைமரின் விட்டம் 0.210 அங்குலம், சிறியது 0.175 அங்குலம். குழி அதைவிட ஒன்றிரண்டு தௌ குறைவாக இருக்கும். தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் அமெரிக்கா வருவதற்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் பட்டறையில் டூல் ரூமில் இருந்தவன். பேரிங்கை அதன் வீட்டுக்குள் இறுக்கி அடிப்பது போலத்தான் இதுவும். பசை கிடையாது, திருகு கிடையாது. அந்த ஒன்றிரண்டு தௌ இறுக்கம்தான் பிரைமரைப் பிடித்து வைத்திருக்கிறது.

அதற்குப் பின்னால் எவ்வளவு அழுத்தம் வருகிறது தெரியுமா? 308 வின்செஸ்டர் என்ற ரைபிள் தோட்டா வகைக்கு அமெரிக்கத் தொழில்துறை அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. உங்கள் கார் டயரில் இருப்பது 32, 33. பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். கொஞ்சம் விரிந்து, திரும்பிச் சுருங்கும் உலோகம். கூட்டின் உடம்பைச் சேம்பர், அதாவது துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் எஃகு அறை, சுற்றிலும் தாங்கிக்கொள்கிறது. அடிப்பக்கத்துக்கு, அதாவது இழுப்பான் கொக்கி பிடிக்கும் பள்ளமும் அதற்குக் கீழே உள்ள விளிம்பும் இருக்கும் இடத்துக்கு, அந்தத் தாங்கல் இல்லை. அங்கே பித்தளை தன் சொந்த பலத்தில்தான் நிற்க வேண்டும். அழுத்தம் அதன் எல்லையைத் தாண்டினால் விரிந்தது விரிந்ததுதான், திரும்பி வராது. குழி அரைத் தௌ அகலும். அடுத்த தடவை இன்னொரு அரை. நாலைந்து தடவையில் இறுக்கம் காலி.

இதில் எனக்கு வேடிக்கையாகத் தோன்றும் ஒன்று உண்டு. குண்டைப் பிடித்திருக்கும் கூட்டின் கழுத்தும் அடிக்கடி விரிந்து சுருங்குவதால் இறுகி, விரிசல் விடும். ஆனால் கழுத்துக்கு வைத்தியம் இருக்கிறது: சில நொடி தீயில் காட்டி இளக்கினால் மறுபடி மிருதுவாகிவிடும். இப்போது பலரும் இதைச் செய்வதால் கழுத்துகள் நீண்ட நாள் வாழ்கின்றன. ஆனால் அடிப்பக்கத்தில் சூடு படவே கூடாது. அங்கே பித்தளை கெட்டியாக இருப்பதால்தான் 62,000 பவுண்டைத் தாங்குகிறது. அதை இளக்கினால் கையில் வைத்திருப்பது தோட்டா அல்ல, ஆபத்து. ஆக, கழுத்துக்கு மருந்து கண்டுபிடித்ததும் சாவு அடியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

குழி தளர்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குக் கைதான் முதல் கருவி. தோட்டா நிரப்பும் பெரிய பிரஸ்ஸில் நெம்புகோலை இழுத்துப் பிரைமர் வைத்தால் எதுவும் தெரியாது. உள்ளங்கையில் அடங்கும் கைக்கருவி ஒன்று இருக்கிறது. அதில் கட்டைவிரலால் அழுத்தி ஏற்ற வேண்டும். நல்ல குழி என்றால் ஒரே சீராக எதிர்த்து, கடைசியில் தரையைத் தொட்டது தெரியும். தளர்ந்த குழியில் வெண்ணெயில் கத்தி போவது போல இறங்கிவிடும். அப்படி இறங்கினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அளந்து பார்க்க விரும்புபவர்களுக்கு இருமுனை ஊசிமானி கிடைக்கிறது: ஒரு முனை குழிக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. அந்த மறுமுனையும் உள்ளே போனால் கூடு முடிந்தது. இதைப் பிரைமர் வைப்பதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது. உயிருள்ள பிரைமரை வைத்துவிட்டு, பிறகு தட்டி எடுப்பது எனக்குப் பிடிக்காத வேலை.

சுட்ட பிறகும் தடயம் கிடைக்கும். பிரைமரைச் சுற்றிக் கண்ணுக்கு மை தீட்டியது போல ஒரு கறுப்பு வளையம் இருந்தால், வாயு அந்த வழியாகக் கசிந்திருக்கிறது.

நான் அந்த வளையத்தை முதலில் பார்த்தது ஒரு ஜூலை மாதம். மார்ச்சில், குளிரில், ஒரு மருந்தளவைக் கண்டுபிடித்திருந்தேன். கையேட்டில் போட்டிருந்த உச்ச அளவுக்கு மிக அருகில். இலக்கில் ஐந்து குண்டும் ஒரு காசுக்குள் விழுந்தன. அந்தச் சந்தோஷத்தில் அதையே நூறு தோட்டா கட்டிவிட்டேன். ஜூலை வெயிலில் தோட்டாப் பெட்டி மேசையில் காய்ந்துகொண்டிருந்தது. மருந்து சூடானால் அழுத்தம் ஏறும் என்பது படித்த பாடம்தான்; நினைவுக்கு வரவில்லை. போல்ட், அதாவது சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் எஃகுத் தண்டு, கொஞ்சம் கனமாகத் திறந்தது. அப்போதும் உறைக்கவில்லை. நாலாவது சுடலில் போல்ட்டைத் திறந்தபோது உள்ளே டிக் என்று ஒரு சத்தம். பிரைமர் கழன்று ரைபிளுக்குள் விழுந்திருந்தது. போல்ட் முகத்தில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு பள்ளம். சூடான வாயு ஊதி, எஃகை அரித்த இடம். கூட்டில் என்ன நட்டம் வந்தாலும் ஒரு டாலர். போல்ட் அப்படி அல்ல. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தேன். அது மட்டும் சரியாகச் செய்த ஒன்று.

அன்றிரவு நான் செய்த முதல் வேலை, குழியை எப்படி இறுக்கலாம் என்று தேடியது. இதுதான் இன்று நான் சொல்ல வந்த விஷயம், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கோயம்புத்தூரில் பேரிங் வீடு தளர்ந்தால் என்ன செய்வோம்? சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கருவியை எடுத்து வீட்டின் உள்சுவரில் புள்ளி புள்ளியாகக் குத்துவோம். உலோகம் மேடு தட்டும், பேரிங் இறுகி உட்காரும். வாடிக்கையாளர் போய்விடுவார். மூன்று மாதத்தில் திரும்பி வருவார். ரீலோடிங் உலகத்திலும் இதே வித்தை இருக்கிறது: எஃகு உருண்டையையோ வளைய அச்சையோ குழியின் வாயில் வைத்து அடித்து, சுற்றியுள்ள பித்தளையை உள்பக்கம் தள்ளுவது. குழி வாயில் மட்டும் இறுகும்; உள்ளே அப்படியே அகலமாக இருக்கும். ஒன்றிரண்டு தடவை பிடிக்கும், அவ்வளவுதான். வேறொரு கம்பெனிப் பிரைமர் ஒரு மயிரிழை பெரிதாக இருக்கும், அதற்கு மாறிக்கொள் என்பார்கள். உண்மைதான், கம்பெனிக்குக் கம்பெனி சின்ன வித்தியாசம் உண்டு. அதுவும் தவணை வாங்குவதுதான். நகப்பூச்சைத் தடவச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். ராணுவத் தோட்டாக்களில் பிரைமரைச் சுற்றி அரக்குப் பூச்சு இருப்பது ஈரம் புகாமல் இருக்க. பிடித்து வைக்க அல்ல.

2020க்குப் பிறகு இங்கே பிரைமருக்கும் கூட்டுக்கும் பெரிய தட்டுப்பாடு வந்தது. அந்தச் சமயத்தில் இந்த வித்தைகளுக்கெல்லாம் மவுசு கூடியது. எனக்கு அவர்கள் மேல் கோபமில்லை. ஆனால் இந்த வித்தை எல்லாமே காய்ச்சல்காரனை விட்டுவிட்டுத் தெர்மாமீட்டரைக் குளிரவைக்கிற வேலை. இவ்வளவு சீக்கிரம் குழி தளர்ந்தால் அது குழி சொல்லும் செய்தி: உன் மருந்தளவு அதிகம். நான் அளவைக் கணிசமாகக் குறைத்தேன். இலக்கில் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை என்பதுதான் வெட்கம். அதற்கப்புறம் வாங்கிய கூடுகள் பத்து தடவையைத் தாண்டியும் இறுக்கமாக இருக்கின்றன.

எல்லாத் தளர்ச்சிக்கும் அழுத்தம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ராணுவக் கூடுகளில் பிரைமர் வெளியே வராமல் இருக்க, குழியின் வாயை வளையமாக நசுக்கி வைத்திருப்பார்கள். மறுபடி பயன்படுத்த அந்த நசுக்கலை நீக்க வேண்டும். வெட்டுக்கருவியால் சுரண்டும்போது கை கொஞ்சம் அதிகமாகப் போனால் வாய் புனல் மாதிரி ஆகிவிடும். ஒரு தடவை சுட்ட நல்ல கூட்டை இப்படி நாமே கெடுப்பதுண்டு. வெட்டாமல் அழுத்தித் தள்ளும் கருவி அதைவிட மேல் என்பேன். இன்னொன்று: 308க்கு இணையான 7.62 ராணுவக் கூடுகளின் சுவர் பெரும்பாலும் தடிமன். உள்ளே இடம் குறைவு. அதே மருந்தளவை அதில் போட்டால் அழுத்தம் கூடும். கூடு மாறினால் அளவை முதலிலிருந்து கண்டுபிடியுங்கள்.

சில கம்பெனிகள் வேறு வழியில் போயிருக்கின்றன. பின்லாந்தின் லாபுவா நிறுவனம் 308இலும் 6.5 கிரீட்மூர் என்ற இன்னொரு தோட்டா வகையிலும் சிறிய பிரைமர் குழி கொண்ட கூடுகளைத் தருகிறது. குழி சிறிதானால் அதைச் சுற்றி நிற்கும் பித்தளை அதிகம், தளர நாளாகும். ஆனால் நடுத் துளையும் சுமார் 1.5 மில்லிமீட்டர்தான். பழைய பிரைமரை வெளியே தள்ளும் வழக்கமான ஊசி அதில் சிக்கி வளையும். முதல் நாளே நான் ஒன்றை வளைத்துவிட்டேன்.

கூடுகளைத் தொகுதியாக வைத்துக்கொள்ளுங்கள். 50 கூடு ஒரு பெட்டி, எத்தனை தடவை சுட்டது என்று மூடியில் எழுதிவிடுங்கள். அதில் ஒன்று தளர்ந்தால் அதை மட்டும் எடுத்துப் போடுவேன். மூன்று நான்கு தளர்ந்தால் பெட்டியே ஓய்வு பெறும், ஏனென்றால் மற்றவையும் அதே அடியைத்தான் வாங்கியிருக்கின்றன. பழைய பிரைமர்க் கரியில் ஈயம் இருக்கும், அதனால் வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிட்டுத்தான் காபி.

தளர்ந்த கூட்டை அப்படியே டப்பாவில் போடாதீர்கள். நான் ஒரு தடவை போட்டு, பளபளவென்று இருக்கிறதே என்று மறுவாரம் நானே அதை எடுத்து நிரப்ப ஆரம்பித்தேன். இப்போது குறடால் கழுத்தை நசுக்கிய பிறகுதான் டப்பாவுக்குள் போகும். டப்பா நிறைந்ததும் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோவேன். கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் ஒரு கூட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எல்லாவற்றின் கழுத்தையும் எது இப்படி நசுக்குகிறது என்று கேட்பார். நான்தான் என்று சொன்னால் நம்புவதில்லை.