மாற்றுச் செயலி பொறுப்பேற்கும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம். மின்சாரம் போனதும் இன்வெர்ட்டர் பொறுப்பேற்பதற்குள் வீட்டு விளக்கு ஒருமுறை கண் சிமிட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கு அது பொருட்டில்லை. ஆனால், கொதிகலனுக்கு நீர் செலுத்தும் வால்வை நடத்துகிற கட்டுப்பாட்டுக் கருவி அப்படிச் சிமிட்ட முடியாது. ஆகவே அங்கே இரண்டு செயலிகள், அதாவது புராசசர்கள், இருக்கும். ஒன்று ஆணையிடும், ‘ஹாட் ஸ்டாண்ட்பை’ என்று நாங்கள் சொல்லும் மற்றொன்று விழித்தபடி காத்திருக்கும்.

விழித்திருந்தால் மட்டும் போதாது, முதன்மைச் செயலிக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதைத்தான் நான் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். சென்சார்களின் அளவுகளைப் படித்து, கணக்கிட்டு, வால்வுகளுக்கும் மோட்டார்களுக்கும் ஆணை அனுப்பும் வேலையைச் செயலி ஒரு நொடிக்குள் பலமுறை திரும்பத் திரும்பச் செய்கிறது. அந்தச் சுற்றுகளின் கணக்கு உடனுக்குடன் மாற்றுச் செயலிக்கும் போய்ச் சேர வேண்டும். 10 நொடி எண்ண வேண்டிய டைமர் 7-இல் இருக்கும்போது முதன்மைச் செயலி நின்றுபோனால், மாற்றுச் செயலி அந்த 7-இலிருந்தே தொடர வேண்டுமேயன்றி, மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கக் கூடாது. கைமாறும் அந்தச் சிறு இடைவெளியில், வால்வுக்குக் கடைசியாகப் போன ஆணையை, செயலியின் ஆணைகளை வெளியே அனுப்பும் வெளியீட்டு அட்டை அப்படியே பிடித்து வைத்திருக்கும்.

முதன்மைச் செயலி நின்றுவிட்டதை மாற்றுச் செயலி எப்படி அறிகிறது? இரண்டுக்கும் இடையே, ‘இயங்குகிறேன்’ என்று சொல்லும் ஒரு துடிப்பு ஓயாமல் போய்வருகிறது. அது நின்றால் ஐயம் எழும். ஆனால், நின்றது செயலியா, அறுந்தது வெறும் கேபிளா? கேபிள் அறுந்ததற்காக மாற்றுச் செயலி ஆட்சியைப் பிடித்தால் ஓர் உறையில் இரண்டு கத்தி என்றாகி, இரண்டும் ஒரே வால்வுக்கு ஆணையிடும். அதனால்தான் துடிப்புக்கு இரண்டு தனி வழிகள் வைப்பது நல்லது என்கிறோம்.

நான் வேலை பார்த்த ஓர் ஆலையில், பராமரிப்பு முடிந்து உற்பத்தி தொடங்குமுன், முதன்மைச் செயலியின் மின்சாரத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். “சார், ரெண்டுலயும் பச்சை விளக்கு எரியுதே” என்றார்கள். மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சான எம்.சி.பி.யை இறக்கினேன், இரண்டு செயலிகளும் ஒன்றாக அணைந்தன. செயலிகளைப் பொருத்தத் தனித்தனிச் சட்டகம், தனித்தனி மின்வழங்கி, கம்பிதோறும் எண் வளையம் என எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. டார்ச் விளக்குடன் பேனலின் பின்பக்கம் போய்க் கம்பிகளைக் கையால் தடவிக்கொண்டே சென்றபோது, இரண்டும் அந்த ஒரே எம்.சி.பி.யில் முடிந்திருந்தன. அன்று முதல், எந்த ஆலைக்குப் போனாலும் செயலியைப் பார்க்குமுன் எம்.சி.பி.யைத்தான் காட்டச் சொல்கிறேன். என்னைக் கேலி செய்பவர்களும் உண்டு.

நேரம் முடிவதாகச் சைகை காட்டுகிறார்கள். இரண்டு செயலிகளிலும் ஒரே நிரல் இருந்தால் என்ன ஆகும் என்பதை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். ஓர் எடுத்துக்காட்டு மட்டும் சொல்கிறேன். 1996 ஜூன் 4 அன்று பறந்த ஏரியன் 5 ராக்கெட்டில், திசையறியும் கணினிகள் இரண்டும் ஒரே மென்பொருளில் ஓடின. ஏறத்தாழ 37-ஆம் நொடியில், அதற்கு ஒதுக்கிய 16 பிட் இடத்துக்குள் அடங்காத ஓர் எண் வந்தபோது, முதலில் நின்றது மாற்றுக் கணினி. நொடியில் பத்தில் ஒரு பங்குகூடக் கடக்குமுன், அதே காரணத்தால் முதன்மைக் கணினியும் நின்றது.